ஊரப்பாக்கத்துப் பானையும் ஒரு வரப்பெலியும்

கல்யாணமாகி எட்டு மாதத்தில் ஹில்டா தன் கணவனிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள், ஆறு மூட்டை மண்.

"மண்ணா?" என்றான் வேதசிரோமணி. "ரோஜாச் செடி வைக்கப்போறியா?"

"உங்க குழியிலருந்து வர்ற மண்ணுங்க. சலிச்சுட்டு ஓரமாக் கொட்டுறீங்களே, அது."

"அது வெறும் கழிவு, ஹில்டா. சல்லடையில நின்னதை எல்லாம் நாங்க எடுத்தாச்சு."

"உங்க சல்லடை கொத்தனார் மணல் சலிக்கிறது. அதுல என் சுண்டுவிரலே நுழையும். நான் தேடுறது அதைவிடப் பொடிசு."

"அப்படி என்ன தேடப்போறே?"

"எலிப் பல்லு."

வேதசிரோமணி சிரித்த சிரிப்பில், பக்கத்து அறையிலிருந்து அவனுடைய அம்மா ரத்தினபாய், "என்னடா அது, எனக்கும் சொல்லேன்" என்று குரல் கொடுத்தாள். சொல்லியிருந்தால் அன்றைக்கே மூட்டைகளுக்குத் தடை விழுந்திருக்கும். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

எண்பத்தொன்பதாம் வருஷம் பிப்ரவரி மாதம் அது. வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி. வேதசிரோமணி அரசாங்கத்தின் அகழாய்வுப் பிரிவில் இளம் ஆய்வாளன். ஹில்டா விலங்கியலில் எம்.எஸ்ஸி. செங்கல்பட்டு வட்டாரத்து எலிகளைப் பற்றி இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்தவள். ஒரே ஒரு கடைவாய்ப் பல்லைக் காட்டினால் போதும், இன்ன எலி என்று சொல்லிவிடுவாள். பெண் பார்க்க வந்த அன்று இந்தத் திறமையை மட்டும் அவள் வீட்டார் கவனமாக மறைத்துவிட்டார்கள். பிரசவ விடுப்பில் போன ஒரு விரிவுரையாளருக்குப் பதிலாகக் கல்லூரியில் ஒரு வருஷம் பாடம் எடுத்தாள். போனவர் குழந்தையோடு திரும்பி வந்தார். ஹில்டா மைக்ராஸ்கோப்பை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். மாமியாரோடு சேர்ந்து வடகம் பிழிந்தது போக அவளுக்கு நாள் நிறைய மிச்சமிருந்தது.

குழி ஊரப்பாக்கத்தில், பொன்னுரங்கம் என்பவருடைய மேட்டு நிலத்தில் இருந்தது. பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். சுற்றியிருந்த நிலங்களில் எல்லாம் மனைக் கல் நட்டாகிவிட்டது. "ஒரே ஒரு வருசம் உட்டு வச்சிருக்கேன் சார். அடுத்தது ஒண்ணு கவர்ன்மென்ட் காயிதம் வரணும், இல்லாட்டி லேஅவுட்டு வரணும்" என்று அவர் சிரித்துக்கொண்டே கெடு வைத்திருந்தார். தொடர்ந்து தோண்ட உத்தரவிடும் அந்தக் காகிதம் வருவது, மார்ச் முதல் சனிக்கிழமை குழியைப் பார்வையிட வரப்போகிற மேலதிகாரி சுந்தரராமன் கையில் இருந்தது.

வேதசிரோமணிக்கு நம்பிக்கைக்குக் குறைவில்லை. இந்தப் பக்கத்தில் அவன் அதுவரை தோண்டியதெல்லாம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஈமக்குழிகள். செத்தவர்கள் கிடைத்தார்கள், அவர்கள் உயிரோடு இருந்தபோது எங்கே பொங்கித் தின்றார்கள் என்பது கிடைக்கவில்லை. இந்த மேட்டில், மூன்றடி ஆழத்தில், மிதித்துக் கெட்டித்த களிமண் தரை ஒன்று வந்தது. அதன்மேல் இடுப்புயரப் பானை. பானைக்குள் மனித எலும்பு இல்லை; கறுத்துப்போன நெல் இரண்டு பிடி இருந்தது.

"நெல்லைச் சேர்த்து வச்சிருக்கான்னா அங்க குடியிருந்திருக்கான்னு அர்த்தம்" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போதெல்லாம் சொன்னான். "வீடு இருந்தா ஊர் இருக்கும். அந்த ரெண்டு பிடி நெல்லுதான் ஹில்டா என் காகிதம்." 'மண்ணுக்கடியில் ஓர் ஊர்' என்ற தலைப்பில் பன்னிரண்டு பக்கக் குறிப்பும் எழுதி டைப் அடித்து, ஒரு பிரதியைச் சுந்தரராமனுக்கு அனுப்பியும் ஆயிற்று.

மூட்டைகள் வாரத்துக்கு இரண்டாக மாட்டுவண்டி, ஆட்டோ, வேதசிரோமணியின் தோள் என்ற வரிசையில் வந்து மொட்டை மாடி ஏறின. ஒவ்வொன்றிலும் எத்தனையடி ஆழத்து மண் என்று சீட்டு கட்டியிருக்கும். ஹில்டா ஒரு வாளித் தண்ணீரில் மண்ணைக் கரைப்பாள். ரவை சலிக்கிற சல்லடையில் ஊற்றி அலசுவாள். மிஞ்சியதைப் பழைய பேப்பரில் பரப்பிக் காயவிடுவாள். பிறகு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு கரண்டி கொட்டிக்கொண்டு, நனைத்த தூரிகை முனையால் ஒவ்வொரு துணுக்காக ஒதுக்குவாள். ஒரு தட்டுக்கு ஒரு மணி நேரம். பாதித் தட்டுகளில் ஒன்றுமே இருக்காது. அது அவளுக்கு உற்சாகமாகத்தான் இருந்தது.

ரத்தினபாய் நான்காம் நாள் மாடிக்கு வந்தாள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலமாதலால் நாற்பது நாளும் கறி மீன் கிடையாது, வீட்டில் முட்டைகூட உடையாது. வந்தவள் முதலில் சல்லடையைப் பார்த்தாள்.

"இது என் ரவை சல்லடையில்ல?"

"புதுசு வாங்கித் தர்றேன் அத்தை."

"தட்டுல என்ன அது, அரிசிக் குருணையா?"

"எலித் தாடை."

ரத்தினபாய் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "லெந்து நாள்ல வீட்டுக்குள்ள எலியா!"

"செத்து ஆயிரம் வருஷமாச்சு அத்தை."

சொல்லிக்கொண்டே ஹில்டா அந்தத் தாடையை எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். அது அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். ரத்தினபாய் படியிறங்கிப் போய், ஆபீசிலிருந்து வந்த மகனை வாசலிலேயே மறித்தாள்.

"வேதம், உன் பொண்டாட்டி எலும்பை நக்குறாடா."

"நான்தாம்மா சொல்லிக்குடுத்தேன்" என்றான் அவன். "ரொம்பப் பழைய எலும்புல உள்ள இருக்கிற சத்தெல்லாம் போய் பொடிப் பொடி ஓட்டையாயிடும். ஈரத்தை உறிஞ்சி நாக்குல ஒட்டும். புது எலும்பு ஒட்டாது. குழியில நாங்க எல்லாரும் அப்படித்தான் பார்ப்போம்."

"எல்லாருமா?" என்றாள் ரத்தினபாய். அன்று முதல் மகனுக்கும் மருமகளுக்கும் தனி டம்ளர்.

இரண்டாவது மூட்டையில் ஓர் அதிசயம் இருந்தது. ஒரே இடத்து மண்ணில் நாற்பது ஐம்பது குட்டி எலும்புகள் குவியலாக: வெள்ளெலி, மூஞ்சூறு, ஒரு தவளைக் கால். "இது ஆந்தைங்க" என்றாள் ஹில்டா. "ஆந்தை எலியை முழுசா முழுங்கும். எலும்பையும் முடியையும் உருண்டையாக் கக்கிடும். தினமும் ஒரே இடத்துல உக்காந்து கக்கும். அப்ப அந்த மேட்டுல மேல உக்கார ஏதோ இருந்திருக்கு. மரமோ, இடிஞ்ச சுவரோ. சுத்தி ஆள் நடமாட்டம் இல்லாத காலம். மண்ணு எந்த ஆழத்துல எடுத்தது?"

"ஒன்றரை அடி. என் தரைக்கு மேலே." அவன் கண்கள் விரிந்தன. "அப்ப ஊரை விட்டுட்டுப் போனதுக்கு அப்புறம்! ஹில்டா, இதை நான் குறிப்புல சேர்த்துக்கறேன். ஒரு பாரா. இல்ல, ரெண்டு பாரா."

குறிப்பு பன்னிரண்டு பக்கத்திலிருந்து பதின்மூன்றாயிற்று. அந்த வாரம் முழுவதும் அவன் ஆபீஸ் போகிறபோது, "மேடம் இன்னைக்கு எந்த ஆந்தையைப் பிடிக்கப்போறாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டினான். தெருமுனைவரை போய்த் திரும்பிப் பார்த்துக் கையாட்டினான். ஹில்டாவுக்கு அது பிடித்திருந்தது. ஆந்தையைவிட அதிகமாகவே பிடித்திருந்தது.

ஆறாவது மூட்டை சின்னது. பானைக்கு உள்ளேயிருந்து எடுத்த மண். புதன்கிழமை மத்தியானம் அதைத் தட்டில் கொட்டினாள். மூன்றாவது தட்டில் ஒரு கீழ்த்தாடை வந்தது, பற்களோடு முழுசாக. பார்த்ததுமே தெரிந்தது, வரப்பெலி. பெருச்சாளிக்குத் தங்கை மாதிரி ஒரு ஜாதி. வயல் வரப்பில் வளை தோண்டும், அறுவடை நேரத்தில் கதிர் கதிராக இழுத்துக்கொண்டுபோய் வளைக்குள் நெல் சேர்த்து வைக்கும். ஒரு வளையில் படிக்கணக்கில் நெல் எடுத்ததை அவளே பார்த்திருக்கிறாள்.

தாடை மற்றவை மாதிரிப் பழுப்பாக இல்லை. தந்த நிறத்தில், லேசான எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. நாக்கில் வைத்தாள். வழுக்கிக்கொண்டு விழுந்தது.

மறுபடி வைத்தாள். மறுபடியும் விழுந்தது.

கீழே போய், வேதசிரோமணி கண்ணாடிக் குழாயில் பத்திரப்படுத்தியிருந்த நெல்லில் ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாள். கரியாக இருந்தால் உள்ளேயும் கறுப்பாக இருக்கும். இது மேலே மட்டும் கறுப்பு. கீறிய இடம் பழுப்பு. வெறும் உமி. ஓரத்தில் கொறித்த தடம்கூட இருந்தது.

ஹில்டா குழாயை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். சொன்னால் அவனுடைய ஊர் போய்விடும். சொல்லாவிட்டால், சுந்தரராமன் ஒரு நெல்லை நகத்தால் கீற எவ்வளவு நேரம் ஆகும்? அன்று இரவு அவன், "என்ன, மேடத்துக்கு இன்னைக்கு வேட்டை இல்லையா?" என்று கேட்டபோது, "தலைவலி" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் பொய் அது. வியாழக்கிழமை சாயங்காலத்துக்கு மேல் அதை அவளால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

மாடியில் துணி எடுக்கிற சாக்கில் அவனைக் கூப்பிட்டாள். உள்ளங்கையில் தாடையை நீட்டினாள்.

"இது பானைக்குள்ள இருந்துச்சு. வரப்பெலி. நெல்லு சேர்க்கிற ஜாதி."

"ரொம்ப சந்தோஷம். அந்தக் காலத்துலயும் நெல்லு திருடியிருக்கு."

"அந்தக் காலத்து எலி இல்லைங்க. நாக்கை நீட்டுங்க."

அவன் நாக்கை நீட்டவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தாடையைப் பார்த்தான்.

"என்ன சொல்ல வர்றே?"

"நெல்லு கருகலை. கறைதான் ஏறியிருக்கு. எலி வளை தோண்டி பானைக்குள்ள நுழைஞ்சிருக்கு. நெல்லை அதுதான் வச்சிருக்கு. இருபது வருஷம் முன்னால இருக்கலாம், அம்பது வருஷம் முன்னால இருக்கலாம்."

"வளை எங்க?" குரல் உயர்ந்துவிட்டது. "அந்தத் தரையை மூணு வாரம் குந்தி உக்காந்து கரண்டியால சுரண்டினது நான். ஒரு எறும்புப் பொந்துகூட இல்ல. மொட்டை மாடியில உக்காந்துக்கிட்டு ஊரப்பாக்கத்துல வளை இருக்குன்னா எப்படி?"

"ஆந்தையையும் மொட்டை மாடியில உக்காந்துதான் சொன்னேன். அதை மட்டும் ரெண்டு பாரா எழுதினீங்க?"

"அது வேற!"

"எது வேற? அது உங்களுக்குச் சாதகம், இது பாதகம். அவ்வளவுதானே?"

அவன் கொடியிலிருந்த தன் சட்டையை மட்டும் உருவிக்கொண்டு கீழே போய்விட்டான். அது இன்னும் ஈரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாம் ரத்தினபாய் வழியாகவே நடந்தது. "அம்மா, எனக்கு இன்னும் ஒரு தோசைன்னு சொல்லுங்க." "அத்தை, மாவு தீர்ந்துபோச்சுன்னு சொல்லுங்க." மூன்று பேர் உட்கார்ந்திருந்த மேஜையின் அகலம் இரண்டரை அடி.

சாயங்காலம் சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குக் கிளம்பிய ரத்தினபாய், வடகம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க மாடிக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி அடுக்களைக்கு வந்தாள்.

"ஹில்டா, அவன் அங்க தனியா நின்னுக்கிட்டு எதையோ நக்குறான்."

"ஒட்டுச்சா அத்தை?"

"எது?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒட்டலைபோல" என்றாள் ரத்தினபாய், செருப்பை மாட்டிக்கொண்டே. "நக்கிட்டு நக்கிட்டுக் கீழே விழுந்ததைப் பொறுக்கிக்கிட்டிருக்கான். எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம். ஜெபக்குறிப்புல உங்க ரெண்டு பேர் பேரையும் குடுக்கப்போறேன். காரணம் எழுத மாட்டேன்."

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அவன் சட்டைப் பொத்தான் போட்டபடி, சுவரைப் பார்த்து, "நீயும் வர்றியா?" என்றான்.

"யாரைக் கேக்குறீங்க?"

"உன்னைத்தான். வளை இருக்குன்னு சொன்னது நீ. வந்து காட்டு."

சானடோரியத்தில் ரயில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி மாறினார்கள். ஹில்டா பையில் சல்லடையும் தூரிகையும் லென்ஸும் இருந்தன. அவன் மடியில் பதின்மூன்று பக்கம் இருந்தது. வண்டலூர்வரை அவன் அந்தப் பக்கங்களையே புரட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "அந்த நெல்லை நானும் கீறிப் பார்த்தேன்" என்றான். "இருந்தாலும் வளை வேணும் ஹில்டா. வளை இல்லாம நான் எப்படி நம்புறது?" அது கோபமாக இல்லை. கெஞ்சலாக இருந்தது. அவள் தன் டிபன் பாக்ஸைத் திறந்து ஓர் இட்லியை அவன் கையில் வைத்தாள்.

மேட்டை அடைந்தபோது எட்டரை. சுந்தரராமனின் வேன் பத்து மணிக்கு வரும். பொன்னுரங்கம் சலவை வேட்டியில் வாசனையாக நின்றிருந்தார்.

"வா சார், வா! எல்லாம் ரெடி. எட்டிப் பாரு."

வேதசிரோமணி எட்டிப் பார்த்தான்.

இரண்டாயிரம் வருஷத்துத் தரையில் சாணித் தண்ணீர் தெளித்து, பளிச்சென்று கோலம் போட்டிருந்தார்கள். பானையைச் சுற்றி எட்டு இதழ்த் தாமரை. அதற்குக் கீழே, செங்காவி ஓரம் கட்டி, 'நல்வரவு'.

"என்ன பண்ணியிருக்கீங்க!"

"காலைல அஞ்சு மணிக்கு எழுந்து வூட்ல பொம்பளைங்கள வச்சு போட்டேன் சார்" என்றார் பொன்னுரங்கம் பெருமையாக. "பெரிய ஆபீசருங்க வராங்க. அவங்க காலு வைக்கிற எடம் மூதேவி மாதிரி காஞ்சி கெடந்தா நல்லாவா கீது?"

"அது தரை இல்லங்க! அது சாட்சி! அதுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதுன்னு மூணு வாரமா..."

வேதசிரோமணி தலையில் கைவைத்துக்கொண்டு மேட்டில் உட்கார்ந்துவிட்டான். ஹில்டா செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்தாள். பானைக்குப் பக்கத்தில் நின்றாள். பிறகு குனிந்து தரையை உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க" என்றாள். "இறங்கி வாங்க."

இரண்டு மணி நேர வெயிலில் தரை காய்ந்து வெளுத்திருந்தது, ஓர் இடத்தைத் தவிர. குழியின் கிழக்குச் சுவரிலிருந்து ஒரு சாண் அகலத்தில் ஈரக் கறுப்புப் பட்டை ஒன்று கிளம்பி, தாமரை இதழ்களுக்கு அடியில் வளைந்து நெளிந்து போய், பானையின் வயிற்றில் தரையை ஒட்டி உடைந்திருந்த ஓட்டையில் முட்டி நின்றது. கெட்டித் தரை நீரைக் குடிக்கவில்லை. அந்தப் பட்டை மட்டும் குடித்து வைத்திருந்தது. மற்ற மண்ணைவிட அது இளக்கமான மண்.

வேதசிரோமணி குந்தி உட்கார்ந்து விரலால் அழுத்தினான். விரல் பாதிவரை இறங்கியது.

"நான் சுரண்டினப்ப ஒரே கல்லு மாதிரி இருந்துச்சே" என்றான் தனக்குள்.

"அந்தப் பொந்தா சார்?" மேலேயிருந்து குரல் வந்தது. கூடை சுமக்கிற முனியம்மா, இடுப்பில் கைவைத்து நின்றாள். "அத்த நான்தான் அடச்சேன். மொதல் வாரம் உன் காலு உள்ள பூந்து குப்புற வுயுந்தியே, ஞாபகம் இல்ல? அதான் மண்ணு ரொப்பி கட்டையால தட்டி வுட்டேன். தரை சமமா இருக்கணும்னு நீதான சார் கத்திகினு இருந்தே?"

"முனியம்மா! எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நல்லா கேட்டே போ. பானை கெடச்சுதா, ஓடு கெடச்சுதான்னு தெனம் கேட்டே. எலிப் பொந்து கெடச்சுதான்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

ஹில்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்த நேரத்தில் சிரித்தால் கல்யாண வாழ்க்கை அபாயத்தில் போய் முடியும்.

பொன்னுரங்கம் மணி பார்த்தார். "சார், இப்ப இன்னா ஆயிப்போச்சு? அந்தப் பட்ட தான பேஜாரு? ரெண்டு கூடை காஞ்ச மண்ணு தூவிட்டா தீந்துது. எவன் கண்டுக்கப்போறான்? எனக்கும் ஒரு ஆசைதான் சார், நம்ம நெலத்துல ஊரு இருந்துச்சுன்னு பேப்பர்ல வரணும்னு."

அவர் சொன்னது உண்மை. இரண்டு கூடை மண் போதும். வேன் வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. வேதசிரோமணி பட்டையைப் பார்த்தான், பானையைப் பார்த்தான், தன் பதின்மூன்று பக்கத்தைப் பார்த்தான். ஹில்டாவைப் பார்க்கவில்லை. அவள் சொல்ல வேண்டியதை வியாழக்கிழமையே சொல்லியாயிற்று.

"முனியம்மா" என்றான் கடைசியில். "கூடை வேணாம். இன்னும் ரெண்டு குடம் தண்ணி கொண்டா. பட்டை நல்லாத் தெரியட்டும்."

சுந்தரராமன் ஒல்லியாக உயரமாக, வெயிலுக்குக் கறுப்புக் குடையோடு வந்தார். கூட இரண்டு அதிகாரிகள். கோலத்தைப் பார்த்து அவர் புருவம் ஏறியது. வேதசிரோமணி கையில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, பானையைக் காட்டுவதற்கு முன்னால் பட்டையைக் காட்டினான்.

"எலி வளை சார். இந்தச் சுவர்லருந்து வந்து பானைக்குள்ள போகுது."

"நீங்க அனுப்பின குறிப்புல இது எத்தனாம் பக்கம்?"

"இல்ல சார். இன்னைக்குக் காலைல எட்டரை மணிவரைக்கும் நான் பார்க்கல."

"அப்ப அந்த நெல்?"

"வரப்பெலி சேர்த்தது சார்."

"ஊர்?"

வேதசிரோமணி குச்சியைத் தாழ்த்தினான். மேலே யாரோ இருமினார்கள்.

"சார், பானைக்கு அடியில யாரும் இன்னும் பார்க்கல" என்றாள் ஹில்டா.

சுந்தரராமன் குடையைச் சாய்த்து, "நீங்க?" என்றார்.

"வளை இருக்குன்னு ரெண்டு நாள் முன்னாலயே சொன்னவங்க சார்" என்றான் வேதசிரோமணி. "நான்தான் கேக்கல. என் மனைவி. எலிப் பல்லு பார்ப்பாங்க."

"சொல்லுங்கம்மா."

"வளை பக்கவாட்டுல ஓட்டை வழியாத்தான் நுழையுது. பானையோட அடிப்பாகம் உடையல, தரையில பதிஞ்சு உக்காந்திருக்கு. பானையை வச்ச நாள்லருந்து அதுக்குக் கீழே இருக்கிற மண்ணை எந்த எலியும் தொடல. அந்த மண்ணுல என்ன இருக்கோ, அது அந்தக் காலத்துது."

சுந்தரராமன் குனிந்து பானையின் அடியைப் பார்த்தார். பிறகு, "தூக்குங்க" என்றார்.

வரைபடத்தில் பானையின் இடத்தைக் குறித்து, போட்டோ எடுத்துக்கொண்டு, நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அடியில் சாம்பல் கலந்த மண் வட்டமாகத் தெரிந்தது, இரண்டு கை நிறைய. ஹில்டா அதை வழித்தெடுத்துக்கொண்டு பொன்னுரங்கத்தின் பம்புசெட் தொட்டிக்கு நடந்தாள். அதிகாரிகள் பின்னால் நடந்தார்கள். முனியம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

முதல் அலசலில் வேர்த் துணுக்குகள். இரண்டாவதில் கரித்தூள், ஒரு நத்தைக்கூடு. மூன்றாவதில் ஹில்டா தூரிகையை நாக்கில் நனைத்து ஒன்றைத் தொட்டு எடுத்தாள். சீரகம் அளவு. வளைந்து, கறுத்து, மினுங்கிக்கொண்டு.

லென்ஸ் வழியே வெகு நேரம் பார்த்தாள். வேதசிரோமணி பொறுக்க மாட்டாமல், "என்ன?" என்றான்.

"சுண்டெலி. மேல் முன்பல்லு." பல்லை வெள்ளைத் தட்டில் வைத்து சுந்தரராமனிடம் லென்ஸைக் கொடுத்தாள். "நுனிக்குப் பின்னால படி மாதிரி ஒரு வெட்டு தெரியுதா சார்? வயல்ல இருக்கிற சின்ன எலிக்குப் பொதுவா அந்தப் படி இருக்காது. இது வீட்டுச் சுண்டெலி. ஜனங்க கூட்டமா ஒரே இடத்துல தங்கி, தானியம் சேர்த்து வச்சா, கூப்பிடாமலே வந்து குடியேறிக்கும். இது எரிஞ்சும் இருக்கு."

"வீடு எரிஞ்சதோ?"

"அடுப்புச் சாம்பலா இருக்கலாம். ஒரு பல்லை வச்சு அதைச் சொல்ல முடியாது சார்."

சுந்தரராமன் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் சிரிப்பா இல்லையா என்று தெரியவில்லை.

"உங்க வீட்டுக்காரர் ரெண்டு பிடி நெல்லுக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதினார். நீங்க ஒரு பல்லுக்கு ஒரு வரிக்கு மேல பேச மாட்டேங்கறீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினா சரியான நீளத்துல வரும்." வேதசிரோமணியின் பக்கம் திரும்பினார். "ஊர்னு சொல்ல இது பத்தாதுப்பா. ஆனா இன்னொரு வருஷம் தோண்டிப் பார்க்கப் போதும். திங்கட்கிழமை புதுக் குறிப்பு என் மேஜையில இருக்கணும். ஒரே பக்கம். நானே காகிதம் அனுப்பறேன்."

பொன்னுரங்கத்துக்குப் பாதி சந்தோஷம்தான். "ஒரு சுண்டெலிக்காக என் லேஅவுட்டு இன்னும் ஒரு வருசம் நிக்கணுமா?" என்று கேட்டபடி எல்லோருக்கும் இளநீர் சீவச் சொன்னார். "நெலத்துல ஊரு இருந்துச்சான்னு கேட்டா இன்னான்னு சொல்றது சார், எலி இருந்துச்சுன்னா?"

"வூட்டெலின்னு சொல்லு" என்றாள் முனியம்மா. "வயக்காட்டு எலி இல்லன்னு அடிச்சு சொல்லு."

மத்தியான ரயிலுக்கு நேரமிருந்தது. ஊரப்பாக்கம் நிலையத்தில் ஒரு வேப்பமர நிழலில் பெஞ்சு காலியாக இருந்தது. வேதசிரோமணி பழைய குறிப்பின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான். ஹில்டா தோளில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்த மேட்டில் ஒரு செழிப்பான..." என்று படித்தாள். "செழிப்பாங்கறது எப்படித் தெரியும்?"

அவன் அடித்தான். "இந்த மேட்டில் மக்கள் பல தலைமுறை..."

"எத்தனை தலைமுறை? நான் ஒரு பல்லுதான் பார்த்தேன்."

"உன்னோட சேர்ந்து எழுதினா ஒரு பக்கம்கூட வராது."

"வராட்டிப் பரவாயில்ல. கீறிப் பார்த்தாலும் நிக்கணும்."

அவன் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தான். தண்டவாளத்தின் கோடியில் ரயில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பேனாவை அவளிடம் நீட்டி, "நீயே சொல்லு, என்னதான் எழுதலாம்?" என்றான்.

ஹில்டா காகிதத்தை வாங்கி, முழங்காலில் வைத்து, ஒரே வரி எழுதிக் காட்டினாள்: 'மிதித்துக் கெட்டித்த இத்தரைக்கு அருகில், குறைந்தது ஒரு வீட்டுச் சுண்டெலியாவது வசித்திருக்கிறது.'

வேதசிரோமணி இரண்டு முறை படித்தான். குறை கண்டுபிடிக்க முயன்று பார்த்தான். பிறகு பேனாவை வாங்கி, அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, அவளுக்கும் இடம் விட்டான்.